மழைக்காலச் சந்தையில் ஓவியக் கடை: மடக்குக் கூடாரமா, பந்தலா, வாடகைக் கூடாரமா?

கார்த்திகை பிறந்தால் கைவினைச் சந்தைகளுக்கான அழைப்புகள் வரத் தொடங்கும். மழையும் அப்போதுதான் முழு வேகத்தில் இருக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். ஓவியம், தஞ்சாவூர்ப் படம், காகிதக்கூழ் பொம்மை, பனையோலைப் பெட்டி என்று எதை விற்பவராக இருந்தாலும், பத்துக்குப் பத்து அடி திறந்தவெளி இடம் கிடைத்ததும் ஒரே குழப்பம்தான்: கூடாரம் சொந்தமாக வாங்குவதா, பந்தல்காரரை அழைப்பதா, அமைப்பாளர் தரும் வாடகைக் கூடாரமே போதுமா?

பெரும்பாலானோர் "எந்தக் கூரை ஒழுகாது?" என்று பார்த்தே முடிவெடுக்கிறார்கள். தலைக்கு மேலிருந்து நேராக விழும் மழையை இந்த மூன்றுமே ஓரளவு தாங்கிவிடும். கடையைக் கெடுப்பவை வேறு நான்கு: கூரையில் தேங்கும் நீர், காற்று, பக்கவாட்டில் அடிக்கும் சாரல், தரையில் ஓடிவரும் தண்ணீர். ஐந்தாவது ஒன்றும் உண்டு. ஒரு சொட்டு விழாமலே படத்தைக் கெடுக்கும் ஈரப்பதம் அது.

## எதை வைத்து அளப்பது

தேங்கும் நீர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர், அதாவது 1 கிலோ. 10×10 அடிக் கூரை 9.3 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 20 மி.மீ. பெய்தால் 186 லிட்டர் அதன்மேல் விழுகிறது. வானிலை ஆய்வு மையம் கனமழை என்று சொல்லும் நாளின் கீழ் வரம்பு 64.5 மி.மீ.; அன்று அந்தச் சிறிய கூரை 600 லிட்டரை வழியவிட வேண்டும். வழியவிட்டால் சிக்கல் இல்லை. துணி ஓரிடத்தில் தொய்ந்து ஒரு மீட்டர் அகலமும் நடுவில் அரையடி ஆழமும் கொண்ட பள்ளமாகிவிட்டால், அதில் மட்டும் 60 கிலோ நிற்கும். தொய்வு கூடக் கூட நீர் சேரும், நீர் சேரச் சேரத் தொய்வு கூடும். கூடாரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் உட்காருகின்றன.

காற்று. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 10 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்ட ஒரு பக்கத்திரையை மணிக்கு 20 கி.மீ. காற்று ஏறத்தாழ 12 கிலோ விசையில் தள்ளும். 40 கி.மீ.யில் அது 50 கிலோ, 60 கி.மீ.யில் 110 கிலோ. மழை அறிவிப்புகளில் "மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் தரைக்காற்று" என்று அடிக்கடி கேட்கிறோமே, அது இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

சாரல். நடுத்தர அளவுள்ள மழைத்துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. கூரை விளிம்பு 7 அடி உயரத்தில் இருந்து, காற்று வெறும் 20 கி.மீ. வேகத்தில் அடித்தாலே, துளி கடைக்குள் 6 அடி தூரம் வந்துதான் தரையைத் தொடும். 40 கி.மீ. காற்றில் பத்தடிக் கடையை முழுக்கக் கடந்துவிடும். அந்த நேரத்தில் பக்கத்திரை இல்லாத கூரை இருந்தும் பயனில்லை.

தரை. தார்ச்சாலையா, மண்ணா, கடற்கரை மணலா, பள்ளியின் சிமென்ட் முற்றமா? முளை அடிக்க முடியுமா, குழி தோண்டலாமா, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? கூரையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலையை இந்தக் கேள்விகளே முடித்துவிடும்.

ஈரப்பதம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் காகிதத்திலும் துணியிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கடலோரத்தில் மழைக்காலக் காலைகள் இதற்கு மேலேயே இருக்கும். கூரை எதுவானாலும் இதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டும்.

இவற்றோடு பணம், ஆள், வண்டி, நேரம். வெளியில் தெரியாத செலவுகளை ஒவ்வொன்றின் கீழும் சொல்லியிருக்கிறோம்.

## சொந்த மடக்குக் கூடாரம்

கத்தரிபோல் விரியும் இரும்புச் சட்டம், நீளும் நான்கு கால்கள், மேலே பூச்சு பூசிய பாலியெஸ்டர் துணி. இருவர் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் நிறுத்தலாம். ஆட்டோவின் மேலோ காரின் மேலோ கட்டிக்கொண்டு போகலாம். விளம்பரத்துக்காக விற்கும் 6×6 அடி கேனோபியை இதோடு சேர்த்து எண்ண வேண்டாம். அதன் குழாய் மெல்லியது, துணி வெயிலுக்கானது. படம் மாட்டும் கடைக்கு அது ஆகாது.

இதன் முதல் பலவீனம் மூலைகள். நடுவில் கூம்பு இருப்பதால் நீர் நான்கு பக்கமும் வழியும் என்று தோன்றும். ஆனால் கூம்புக்கும் விளிம்புக்கும் இடையில் துணியைத் தாங்க ஒன்றுமில்லை. புதிய துணியே மழையில் நனைந்து கனத்ததும் அங்கே தொய்கிறது. இதற்குச் செலவு குறைந்த தீர்வு உண்டு. அரை அங்குல பிவிசி குழாயையோ மூங்கில் பிளாச்சையோ நான்கு எடுத்து, மூலைக்கு ஒன்றாக வில்போல் வளைத்துத் துணிக்கு அடியில் கொடுங்கள். முனைகளைச் சட்டத்தோடு கேபிள் டையால் கட்டுங்கள். குழாயின் வெட்டுமுனையில் துணி சுற்றாவிட்டால் அதுவே கூரையைக் கிழிக்கும். பின்கால்கள் இரண்டையும் ஒரு துளை தாழ்த்தி வைத்தால் நீர் வாடிக்கையாளர் தலையில் ஊற்றாமல் பின்பக்கம் போகும். பின்னால் இன்னொருவர் கடை இருந்தால் முதலில் அவரிடம் பேசிவிடுங்கள்.

நீர் தேங்கிவிட்டால் உள்ளே இருந்து கம்பால் குத்தித் தள்ளக் கூடாது. குத்தும் புள்ளியில் துணி கிழியும். துடைப்பத்தின் அகன்ற பக்கத்தையோ உள்ளங்கையையோ கொடுத்து, பள்ளத்தின் விளிம்பிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். ஒரு வாளி அளவு சேர்ந்தவுடனே செய்துவிட வேண்டும்.

இரண்டாவது பலவீனம் தையல். துணியின் பூச்சு நீரைத் தடுக்கும், தையலூசி போட்ட துளை தடுக்காது. வாங்கும்போது உட்புறத் தையல்மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தையல் சீலன்ட் இரண்டு பூச்சு, இடையில் ஒரு நாள் காயவிட்டு. சந்தைக்கு ஒரு வாரம் முன்பு மொட்டைமாடியில் விரித்து, குழாய் நீரை அரை மணி நேரம் பீய்ச்சிப் பார்த்துவிடுங்கள். சொட்டும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டால் காய்ந்தபின் அடைப்பது எளிது.

மூன்றாவது, காற்று. இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். காலுக்கு 20 கிலோ என்று நான்கு கால்களுக்கு 80 கிலோ பாரம் வைப்பது நல்ல வழக்கம். சட்டத்தின் எடையையும் சேர்த்தால் 100 கிலோ வரும். ஆனால் அவ்வளவு எடையும் பக்கவாட்டுத் தள்ளலை உராய்வால் மட்டுமே தடுக்கிறது. தார்ச்சாலையில் அந்தத் தடுப்பு எடையில் பாதி அளவு, ஈரமானால் அதற்கும் குறைவு. ஆக ஏறத்தாழ 50 கிலோ. மேலே சொன்ன கணக்கில் ஒரு பக்கத்திரையை 40 கி.மீ. காற்று தள்ளும் விசையும் அதேதான். பாரம் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கக்கூடிய எல்லை அங்கே முடிகிறது.

பாரத்துக்கு என்ன வைக்கலாம்? சென்னையில் எங்கும் கிடைக்கும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று 20 கிலோ. காலியாக எடுத்துச்சென்று அங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் பருமனானது, வாடிக்கையாளர் காலில் இடறும், உருண்டும் போகும். சிமென்ட் சாக்கில் அரைப்பங்கு மணல் நிரப்பினால் 25 கிலோ வரும். செலவே இல்லை, ஆனால் சாக்கு நனைந்து கிழிந்தால் ஓவியங்களுக்கு நடுவே சேறு. நான்கு அங்குல பிவிசி குழாயை மூன்றடிக்கு வெட்டி, ஒரு முனையை மூடி, கான்கிரீட் ஊற்றி, மேலே ஒரு கொக்கியைப் புதைத்தால் 17, 18 கிலோ வரும். காலோடு ஒட்டி நிற்கும், இடம் அடைக்காது. தொடர்ந்து சந்தைக்குப் போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். எதுவானாலும் காலடித் தட்டில் வைப்பதோடு நிறுத்தக் கூடாது. சட்டத்தின் மேல் மூலையிலிருந்து ராட்செட் பெல்ட்டைக் கொண்டுவந்து பாரத்தில் இறுக்க வேண்டும். பாரம் தரையைத் தொட்டிருக்க வேண்டும், கீழே காலோடும் ஒரு கட்டு வேண்டும். தொங்கும் பாரம் காற்றில் ஊசலாடிக் காலையே வளைத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு: காயவைக்கும் இடம். நனைந்த துணியை மடித்து இரண்டு நாள் வைத்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும், பூச்சும் உரியத் தொடங்கும். மழை விடாத வாரத்தில், அடுக்குமாடி வீட்டில், 100 சதுர அடித் துணியை எங்கே உலர்த்துவீர்கள்? கடற்கரைச் சந்தைக்குப் போய்வந்தால் இணைப்புகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் அடுத்த முறை சட்டம் விரியாது. துணியை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும் பணம் ஒதுக்குங்கள். உடைந்த பிளாஸ்டிக் இணைப்பு தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கிடைக்காது என்றால் ஒரு காற்றில் முழுக் கூடாரமும் பழைய இரும்பாகிவிடும்.

எப்போது இது நல்ல தேர்வு? ஆண்டுக்கு நான்கைந்து சந்தைக்கு மேல் போகிறீர்கள், பெரும்பாலும் ஒருநாள், இருநாள் சந்தைகள், தரை தார் அல்லது சிமென்ட். பெங்களூரு குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரியில் நடத்தும் சித்ர சந்தை போன்ற தெருச் சந்தைகளில் குழி தோண்டும் பேச்சே இல்லை. காலையில் நிறுத்தி இரவில் எடுத்தாக வேண்டிய இடங்களில் மடக்குவது மட்டுமே சாத்தியம்.

## பந்தல்

சவுக்குக் கம்பு, மூங்கில், மேலே தார்ப்பாய் அல்லது தகரம். ஐந்து நாள், பத்து நாள் சந்தைக்கு, மண் தரையில், கடலோரக் காற்றில், நல்ல பந்தல்காரர் போட்ட பந்தலுக்கு நிகராக எதையும் சொல்ல முடியாது. கம்பு ஒன்றரை, இரண்டு அடி ஆழம் மண்ணுக்குள் இறங்குவதால் பாரம் பற்றிய கவலையே இல்லை. கூரைச் சரிவையும் நாம் சொன்னபடி வைக்கலாம்.

அந்தச் சரிவைத்தான் வற்புறுத்திக் கேட்க வேண்டும். வெயிலுக்குப் போடும் பந்தல் ஏறத்தாழத் தட்டையாகவே இருக்கும். பழக்கத்தில் மழைக்கும் அதையே போட்டுவிடுவார்கள். முன்பக்கம் 9 அடி, பின்பக்கம் 7 அடி என்று சொல்லிவிடுங்கள். பத்தடிக்கு இரண்டடி இறக்கம் இருந்தால் நீர் நிற்காது. தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு அடிக்கு ஒரு பிளாச்சு, சரிவின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே மட்டும் கட்டினால் ஒவ்வொரு பிளாச்சுக்கு மேலும் ஒரு குட்டை உருவாகும். தார்ப்பாயை ஓரத்துளைகளான கண்களில் மட்டும் கட்டாமல் மேலேயும் கயிறு போட்டு அமுக்க வேண்டும். படபடவென்று அடிக்கும் தார்ப்பாய் கண்ணோரத்தில்தான் முதலில் கிழிகிறது.

துணிச் சாமியானா நீரைத் தடுக்காது. தார்ப்பாய்க்கு அடியில் அழகுக்குக் கட்டலாம், அவ்வளவுதான். அதுவும் சாயம் போகும் துணியாக இருந்தால் சிவப்பு நீர் சொட்டி படத்தைச் சுற்றி பிரேமுக்குள் வைக்கும் வெள்ளை மவுண்ட் அட்டை பாழாகும். மெலிதான நீலத் தார்ப்பாய் வேண்டாம். 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தடிமன் கணக்கு) மேல் கேளுங்கள். நீலத் தார்ப்பாய்க்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் வழியாக வரும் வெளிச்சத்தில் எல்லாப் படமும் நீலம் பூத்துத் தெரியும், மஞ்சள் செத்துப்போகும். வெள்ளை அல்லது சாம்பல் நிறத்துக்குக் கூடுதல் வாடகை கேட்டாலும் கொடுக்கலாம். தகரம் ஒழுகாது, ஆனால் பெருமழையில் உள்ளே பேச முடியாது. கீற்றுக் கூரை மிக அழகு. தீ அபாயத்தால் பல அமைப்பாளர்கள் அனுமதிப்பதில்லை, முன்பே கேட்டுவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: ஆள் கிடைக்கும் நாள். கார்த்திகை முகூர்த்த நாட்களில் பந்தல்காரர்கள் கல்யாண வீடுகளில் இருப்பார்கள். அந்த வாரம் கூலியும் ஏறும், சொன்ன நேரத்துக்கும் வர மாட்டார்கள். மார்கழியில் கல்யாணம் இல்லை, பேசிக் குறைக்கலாம். பிரிக்கும் கூலியும் சேர்த்துத்தானா என்று எழுதி வாங்குங்கள். இரண்டு நாள் மழை பெய்தபின் மண் இளகும். மணற்பாங்கான இடத்தில் கம்பு ஆடத் தொடங்கும், மூலைக்கு மூலை குறுக்குக் கம்பு கட்டாத பந்தல் அப்படியே சாயும். தினமும் காலையில் ஒவ்வொரு கம்பையும் கையால் அசைத்துப் பாருங்கள்; முடிச்சுகளை மீண்டும் இறுக்குங்கள்.

## அமைப்பாளரின் கூடாரம் அல்லது வாடகைக் கூடாரம்

பிவிசி பூச்சுத் துணி, தடித்த இரும்பு அல்லது அலுமினியச் சட்டம். வரிசையாகப் பல கடைகளுக்கு ஒரே கூரை, அல்லது கடைக்கு ஒரு கூம்பு. கூரையின் தரத்தில் மூன்றிலும் இதுவே மேல். உங்கள் உடல் உழைப்பும் இதில்தான் குறைவு.

ஆனால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. எந்த இடம், எந்தத் திசை, பின்திரை எதனால் ஆனது, மின்புள்ளி எந்த உயரத்தில், எல்லாம் வேறொருவர் முடிவு. பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு கூரைகள் சேரும் இடத்தில் நீர் போக வாய்க்கால் துணி இருக்கிறதா? பின்திரையும் நீர் புகாததா, வெறும் துணியா? மைதானத்தில் எந்த மூலை பள்ளம்? மின்பலகை தரையிலிருந்து எவ்வளவு மேலே? இரண்டு கூம்புகளுக்கு நடுவில் விழும் நீர் முழுவதும் ஒரே கோட்டில் அருவியாக இறங்கும். அந்தக் கோடு உங்கள் படச் சுவருக்கு மேலே இருந்தால், கூரை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. வாய்க்கால் துணி இல்லாவிட்டால் இரண்டடி அகலத் தார்ப்பாய்ப் பட்டையை இரு விளிம்புகளிலும் கிளிப் போட்டு, பின்பக்கம் சரிவாகத் தொங்கவிடலாம். அந்தப் பட்டையையும் இருபது கிளிப்பையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

வரிசையின் கடைசிக் கடைக்கு இரண்டு பக்கம் கூட்டம் தெரியும் என்று சிலர் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவார்கள். வறண்ட மாதத்தில் அது சரி. மழையில் இரண்டு பக்கமும் சாரல் அடிக்கும், நடுக்கடையே மேல். தடுப்புப் பலகைகள் கொடுத்தால் அவற்றின் அடிவிளிம்பைப் பாருங்கள். மரத்தூள் பலகை நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். படத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து இரண்டடிக்குக் கீழே வரக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு கண்ணுக்கே தெரியாதது: இரவு. பல நாள் சந்தையில் இரவில் கூடாரத்தைப் பார்ப்பவர் காவலாளி ஒருவர்தான். மழை வலுத்தால் அவர் ஐம்பது கடைகளின் திரையையும் இறக்க மாட்டார். சரக்கை இரவு எடுத்துச்செல்ல வண்டி வாடகையையும் சேர்த்துக் கணக்கிட்டால், விலை குறைவாகத் தெரிந்த இடம் அவ்வளவு குறைவு இல்லை என்று புரியும்.

## பெரிய குடை

ஏழெட்டு அடி விட்டமுள்ள தோட்டக் குடையை, உட்கார்ந்த இடத்தில் முகம் வரைந்து தருபவர்கள், பத்துப் பதினைந்து சிறு படங்கள் மட்டும் வைப்பவர்கள் பயன்படுத்தலாம். ஒரு நிமிடத்தில் மடக்கி எழுந்துவிட முடியும் என்பதே அதன் பலம். சுவர் கிடையாது, சாரலைத் தடுக்காது. கூடவே மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று அவசியம்.

## ஒரே பார்வையில்

| | மடக்குக் கூடாரம் | பந்தல் | வாடகைக் கூடாரம் | குடை |
|---|---|---|---|---|
| நீர் தேங்குமா | மூலைகளில், வில் கொடுக்காவிட்டால் | சரிவு தப்பினால் மட்டும் | அரிது. இணைப்பில் வழியும் | இல்லை |
| காற்று | 40 கி.மீ.க்கு முன்பே திரையைக் கழற்ற வேண்டும் | நன்கு தாங்கும், குறுக்குக் கம்பு இருந்தால் | நன்கு தாங்கும் | தாங்காது |
| தார், சிமென்ட் தரை | ஏற்றது | முடியாது | அமைப்பாளர் பொறுப்பு | ஏற்றது |
| நிறுத்த ஆகும் நேரம் | 10 நிமிடம், இருவர் | அரை நாள், கூலியாட்கள் | உங்களுக்கு வேலை இல்லை | 2 நிமிடம் |
| முதலீடு | ஒரே தடவை, பிறகு துணிச்செலவு | ஒவ்வொரு முறையும் | ஒவ்வொரு முறையும் | மிகக் குறைவு |
| கவனிக்காத செலவு | உலர்த்தும் இடம், உதிரி பாகம் | முகூர்த்த நாள் கூலி, பிரிக்கும் கூலி | இரவில் சரக்கு ஏற்றும் வண்டி | நனைந்த சரக்கு |

வாங்குவதா வாடகைக்கா என்று பணத்தை மட்டும் வைத்துப் பார்க்க ஒரு எளிய வழி: கூடாரம், நான்கு பக்கத்திரை, பாரம், பெல்ட் எல்லாவற்றின் விலையையும் கூட்டி, ஒரு நாள் வாடகையால் வகுங்கள். வரும் எண் எட்டு என்றால் எட்டு நாள் கடை போட்டால் போட்ட பணம் ஈடாகும். இரண்டு ஆண்டுக்குள் அத்தனை நாள் போட மாட்டீர்கள் என்றால் வாங்க வேண்டாம். கூடாரத்தை மட்டும் வகுத்துவிட்டுத் திரையையும் பாரத்தையும் மறப்பதால்தான் பலருக்கு இந்தக் கணக்கு தப்புகிறது.

## எந்தக் கூரையானாலும் திரையும் தரையும் வேண்டும்

பணம் குறைவாக இருந்தால் கூரையில் ஒரு படி இறங்கி, மிச்சத்தைத் திரையிலும் தரையிலும் போடுங்கள். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

வடகிழக்குப் பருவத்தில் கடலோரத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். கடையின் முதுகு அந்தப் பக்கம் இருக்கும்படி இடம் கேளுங்கள். பின்திரை தடித்த தார்ப்பாய். பக்கத்திரைகள் ஒளி ஊடுருவும் பிவிசி ஷீட் என்றால் மூடிய பிறகும் படங்கள் வெளியே தெரியும், விற்பனை நிற்காது. திரையின் அடியில் ஒரு சாண் மடிப்பு விட்டு அதற்குள் செங்கல் வையுங்கள், படபடக்காது.

ஒரு எச்சரிக்கை. காற்று வரும் பக்கத்தைத் திறந்துவிட்டு மற்ற மூன்றையும் மூடினால், உள்ளே புகும் காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் கூரையையே மேலே தூக்கும். காற்று முன்பக்கமாகத் திரும்பிவிட்டால் முன்திரையை மூடுங்கள், அல்லது பின்திரையின் பாதியை அவிழ்த்துக் காற்றை வெளியே விடுங்கள். அரைகுறையாக நிற்பதுதான் ஆபத்து.

தரைக்கு மூன்று வழிகள். மரப் பேலட் நாலைந்து அங்குல உயரம் தரும், அடியில் நீர் தடையின்றி ஓடும்; எடை அதிகம், ஆனால் தொழிற்பேட்டைகளில் பழையது மலிவாகக் கிடைக்கும். செங்கல்மேல் 12 மி.மீ. பிளைவுட் போட்டால் நடக்கச் சமமாக இருக்கும். இரண்டடிக்கு ஒரு செங்கல் வரிசை இல்லாவிட்டால் பலகை தொய்யும், நனைந்த பலகை வழுக்கும், மேலே தேங்காய் நார் மிதியடி விரிக்க வேண்டும். வெறும் ரப்பர் பாய் மெல்லிய ஈரத்துக்குப் போதும், ஓடும் நீருக்குப் போதாது. மண் தரையில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மண்வெட்டி: கூரை நீர் விழும் கோட்டில், கடையைச் சுற்றி ஒரு சாண் அகலமும் அரைச் சாண் ஆழமும் கொண்ட வாய்க்கால் வெட்டி, பள்ளமான பக்கம் திறந்துவிடுங்கள். தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும்; ஓரக் கடைக்குத்தான் சாலை முழுவதன் நீரும் வந்து சேரும். மழைநீர் வடிகால் வாயில் குப்பை அடைத்திருந்தால், காலையிலேயே கையுறை போட்டு அதை எடுத்துவிடுவது எந்தக் கூரையையும்விடப் பயன் தரும்.

மின்சாரம்: இணைப்புப் பலகை மூன்றடிக்கு மேலே, கூரை விளிம்பிலிருந்து தள்ளி. வயர் பலகைக்குள் நுழையுமுன் கீழே ஒரு தொய்வு விடுங்கள், வழியும் நீர் அங்கே சொட்டிவிடும். 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத இணைப்பை ஈரத் தரையில் எடுக்கவே வேண்டாம். அதைவிட பேட்டரி எல்இடி விளக்குகள் நல்லவை. இரும்புச் சட்டத்தின் நடுவில் நிற்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

## சரக்கைப் பொறுத்தும் தேர்வு மாறும்

நீர்வண்ணம், அச்சு, கோட்டோவியம் எல்லாம் காகிதம். சொட்டு விழாவிட்டாலும் காற்றின் ஈரத்தில் அலையலையாக வளையும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் காகிதம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரேமின் பின்பக்க விளிம்பை அலுமினிய டேப்பால் அடையுங்கள். இவற்றை விற்பவர்களுக்குப் பல நாள் திறந்த பந்தல் ஏற்றதில்லை. ஒருநாள் சந்தையும் மூடி இறுகும் பெட்டியும் பாதுகாப்பு.

தஞ்சாவூர்ப் படத்துக்கு இன்னும் கவனம் தேவை. பிளைவுட்மேல் ஒட்டிய துணி, சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த மக்கு, அதன்மேல் தங்கத் தகடு. பலகை ஒரு விகிதத்திலும் மக்கு இன்னொரு விகிதத்திலும் ஈரம் குடித்து உப்பினால் புடைப்பு வெடிக்கும். மழை வாரத்தில் ஒன்றிரண்டை மட்டும் காட்சிக்கு வைத்து மற்றவற்றைப் பெரிய அச்சுப்படங்களில் காட்டலாம். காகிதக்கூழ் பொம்மைக்கும் சுடாத மண்ணுக்கும் இதே எச்சரிக்கை. சுட்ட மண்பொம்மைக்கு நீரால் கேடில்லை, ஆனால் மேல் பூசிய வண்ணம் எது என்று பாருங்கள். அக்ரிலிக் காய்ந்தபின் நீரில் கரையாது, ஆனால் ஈரப் புழுக்கத்தில் பிசுபிசுக்கும். இரண்டு படத்தை முகத்தோடு முகம் அடுக்கினால் பிரிக்கும்போது வண்ணம் உரியும். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். பபிள் ஷீட்டின் குமிழ்ப் பக்கம் படத்தைத் தொட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும். குமிழை வெளிப்பக்கம் திருப்புங்கள்.

பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டிவிட்டால் பத்திரம் என்பது தவறான நம்பிக்கை. ஈரக் காற்றையும் உள்ளே வைத்துத்தான் கட்டுகிறோம். இரவு குளிர்ந்ததும் அது உட்புறமே வியர்க்கும். மூடுமுன் சிலிகா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பிரித்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அன்றிரவே செய்ய வேண்டும், மறுநாள் தாமதம்.

## எப்போது கடை போடாமல் இருப்பது மேல்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அந்த நகரில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளுக்கு எந்தக் கடையும் இல்லை. சிவப்பு எச்சரிக்கை என்றால் போக வேண்டாம். முன்பணம் போனாலும் போகட்டும். பதிவு செய்யும்போதே, மழையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதிக்கு மாறுமா என்று எழுத்தில் கேட்டுவையுங்கள். ஆரஞ்சு என்றால் மடக்குக் கூடாரத்தோடு போகாதீர்கள். பந்தலோ வாடகைக் கூடாரமோ இருந்தால் சரக்கில் கால்பங்கை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மஞ்சள் என்றால் எல்லா ஏற்பாட்டோடும் போகலாம், மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இடி கேட்டால் கணக்கு வேறு. இரும்புக் கால் கூடாரமும் ஈரப் பந்தலும் மின்னலிலிருந்து காப்பாற்றாது. அருகிலுள்ள கட்டடத்துக்குள் அல்லது மூடிய காருக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருந்தே திரும்ப வேண்டும்.

காற்று திடீரென்று எழுந்தால் எதை முதலில் செய்வது என்று அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. இருவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். முதலில் மின்சாரத்தை அணைத்து வயரைக் கழற்றுங்கள். அடுத்து, காற்று வரும் பக்கச் சுவரிலுள்ள காகிதப் படங்களைப் பெட்டிக்குள் வையுங்கள். பிறகு கண்ணாடி பிரேம்கள் தரைப் பலகைமேல், முகம் உள்நோக்கி. அதன்பின் பக்கத்திரைகளைக் கழற்றுங்கள், ஏனென்றால் காற்றைப் பிடிப்பவை அவைதான். கடைசியாகக் கூரை: இருவர் எதிரெதிர் மூலைகளில் நின்று கால்களை ஒரே நேரத்தில் முழுவதும் தாழ்த்தி, துணியைப் படங்களின் மேலேயே இறக்கிவிடுங்கள். பாரத்தை அவிழ்க்க வேண்டாம். மழை விட்டபின் அங்கிருந்தே மீண்டும் எழுப்பலாம்.